யூனிட் கணக்கும் அச்சுக் கணக்கும்

பூம்பாறைக்குப் போக ஒரே சாலைதான். கொடைக்கானலிலிருந்து சுமார் 18 கிலோமீட்டர். அங்கேயே முடிந்துவிடாமல் மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை என்று மேல்மலை ஊர்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போகிறது. படிபடியாக வெட்டிய வயல்களில் விளையும் பூண்டு, கேரட், உருளைக்கிழங்கு, பீன்ஸ் எல்லாம் அதில்தான் இறங்க வேண்டும். அரிசி, உரம், சிமென்ட், கம்பி எல்லாம் அதில்தான் ஏற வேண்டும். 108 ஆம்புலன்சுக்கும் வேறு வழி கிடையாது. 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய மலைப்பூண்டை ஏற்றிக்கொண்டு வடுகபட்டிச் சந்தைக்குக் கிளம்புகிற பிக்கப் வண்டி, எதிரே பார லாரி வந்துவிட்டால் ஒரு பக்கச் சக்கரங்களைத் தாரிலிருந்து மண்ணுக்கு இறக்கித்தான் ஒதுங்க முடியும். இப்படி ஏறி இறங்கி ஏறி இறங்கியே தாரின் ஓரம் கடித்த பிஸ்கட் மாதிரி விரற்கடை விரற்கடையாக உதிர்கிறது. இந்தச் சாலையில் எவ்வளவு பாரம் போகலாம் என்று கேட்டால் வண்டியின் ஆர்.சி. புத்தகத்தைக் காட்டுவார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. வண்டி எவ்வளவு தாங்கும் என்று அந்தப் புத்தகம் சொல்லும். சாலை எவ்வளவு தாங்கும் என்பதைப் பற்றி அதில் ஒரு வரிகூடக் கிடையாது. மலைக்கென்று தனியாக ஓர் எடை வரம்பு வேண்டும், அதையும் ஓர் அச்சின் மேல் எவ்வளவு பாரம் என்ற கணக்கில் வைக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

முதலில் சட்டம். நினைக்கிற அளவுக்கு அது சிக்கலானதில்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 58ஆம் பிரிவு, எந்த வகை வண்டிக்கு மொத்தம் எவ்வளவு எடை, ஓர் அச்சுக்கு எவ்வளவு எடை என்று நிர்ணயிக்கும் உரிமையை மத்திய அரசிடம் கொடுத்திருக்கிறது. அதை மீறி ஓட்டக் கூடாது என்பது 113ஆம் பிரிவு. மீறினால் 194ஆம் பிரிவு பாயும். 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். ஐந்து டன் கூடுதல் என்றால் 30,000 ரூபாய். எடை போட மறுத்தால் 40,000. பணத்தைவிட முக்கியமான வாசகம் ஒன்றும் அதே பிரிவில் இருக்கிறது: கூடுதல் பாரத்தை இறக்கிவைக்கும்வரை வண்டி நகரக் கூடாது. இந்த வாசகத்துக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. ஒரு காலத்தில் சில மாநிலங்கள் லாரிக்காரர்களிடம் ஒரு தொகையை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, ஓவர்லோடு அடிக்க ‘கோல்டு கார்டு’ என்று ஓர் அட்டையே கொடுத்துவந்தன. பரம்ஜித் பாசின் வழக்கில் 2005 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. அபராதம் கட்டிய ரசீது, அதே பாரத்தோடு மேலே போவதற்கான அனுமதிச்சீட்டு ஆகாது என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். மாநில அரசின் கையில் இருப்பது 115ஆம் பிரிவு. பொதுமக்களின் பாதுகாப்பை முன்னிட்டோ, ஒரு சாலை அல்லது பாலத்தின் தன்மையை முன்னிட்டோ, குறிப்பிட்ட வகை வண்டிகளைக் குறிப்பிட்ட சாலையில் தடுக்கவோ கட்டுப்படுத்தவோ மாநிலம் அறிவிக்கை வெளியிடலாம். ‘சாலையின் தன்மை’ என்று சட்டமே சொல்லியிருப்பதைக் கவனிக்க வேண்டும். சமவெளிச் சாலையும் மலைச் சாலையும் ஒன்றல்ல என்பது சட்டத்துக்குத் தெரியும். அதைப் பயன்படுத்துவதில்தான் நமக்குச் சுணக்கம்.

2018 ஜூலையில் மத்திய அரசு அச்சு எடை வரம்புகளை நாடு முழுக்க உயர்த்தியது. முன் அச்சுக்கு 6 டன் என்றிருந்தது 7 ஆனது. நான்கு டயர் கொண்ட பின் அச்சுக்கு 10.2 டன் என்றிருந்தது 11.5 ஆனது. அதன்படி சாதாரண ஆறு சக்கர லாரி, சரக்கும் வண்டியுமாகச் சேர்த்து 16.2 டன் வரை போகலாம் என்றிருந்தது 18.5 டன் வரை என்றானது. டாரஸ் என்று நம் ஊரில் பொதுப்பெயராகிவிட்ட பத்துச் சக்கர லாரிக்கு, பின்னால் சேர்ந்தாற்போல் இருக்கும் இரட்டை அச்சின் வரம்பு 19இலிருந்து 21 டன்னுக்கு ஏறியது. சரக்குப் போக்குவரத்துச் செலவு குறையும் என்பது காரணம். நான்குவழிச் சாலைகளை நினைத்தால் அந்தக் காரணம் சரியாகவே படுகிறது. ஆனால் தங்க நாற்கரச் சாலைக்குப் பொருந்துகிற அதே எண், அறிவிக்கை வெளியான அன்றே பூம்பாறைச் சாலைக்கும் பொருந்திவிட்டது. பூம்பாறைச் சாலை மட்டும் அன்றைக்குத் தடிமனாகிவிடவில்லை.

10.2 எங்கே, 11.5 எங்கே, ஒன்றரை டன்கூட வித்தியாசமில்லையே என்று தோன்றும். இந்த இடத்தில்தான் நம் மனக்கணக்கு தவறுகிறது. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தின் ஒட்டாவா ஊருக்கு அருகே 1958 முதல் 1960 வரை ஒரு பெரிய சோதனை நடந்தது. வெவ்வேறு தடிமனில் சாலை போட்டு, வெவ்வேறு பாரம் ஏற்றிய லாரிகளை அதன் மேல் மாதக்கணக்கில் சுற்றிச் சுற்றி ஓட விட்டார்கள். சாலைக்கு ஆகும் சேதம் அச்சு எடையின் ஏறக்குறைய நான்காம் அடுக்கில் ஏறுகிறது என்பது அதில் கிடைத்த முடிவு. அச்சின் மேல் பாரம் இரண்டு மடங்கானால் சேதம் இரண்டு மடங்கு ஆவதில்லை, பதினாறு மடங்கு ஆகிறது. பாரம் 20 சதவீதம் கூடினால் சேதம் இரட்டிப்பாகிறது. 10.2 டன் 11.5 ஆகும்போது எடை 13 சதவீதம்கூட ஏறவில்லை, சேதமோ சுமார் 62 சதவீதம் ஏறிவிடுகிறது. நான்கு என்பது கல்லில் பொறித்த எண் அல்ல. சாலையின் தடிமன், அடிமண், ஈரம் இவற்றைப் பொறுத்துக் கொஞ்சம் கூடும், குறையும். ஆனாலும் இந்தியச் சாலைக் கழகத்தின் வடிவமைப்பு முறை உட்பட உலகம் முழுக்கச் சாலைப் பொறியாளர்கள் இன்றும் இந்தக் கணக்கை வைத்துத்தான் ஒரு சாலை எத்தனை ஆண்டு தாங்கும் என்று பார்க்கிறார்கள். சுமார் 8 டன் ஏற்றிய ஓர் அச்சைத்தான் அவர்கள் படிக்கல்லாக வைத்துக்கொள்கிறார்கள். இதே கணக்கில் 2 டன் சுமக்கும் பிக்கப் வண்டியின் பின் அச்சு 256 தடவை போய்வந்தால்தான் அந்த 8 டன் அச்சு ஒரே தடவையில் செய்யும் சேதத்தைச் செய்யும். பூம்பாறையில் ‘குட்டியானை’யிலும் பிக்கப்பிலும் மூட்டை ஏற்றுகிறவர்கள் இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளலாம். சாலை உடைந்த பழி அவர்கள் தலையில் விழும்போது உதவும்.

அளவு மீறினால் மயிலிறகு ஏற்றிய வண்டிக்கும் அச்சு முறியும் என்று வள்ளுவர் சொன்னதை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியாது. ஆனால் அவர் பார்த்தது மரத்தால் செய்த அச்சு. அது முறிந்து தன் எல்லையைத் தானே காட்டிக்கொடுத்தது. வண்டிக்காரருக்கு அதுவே எடை மேடை, அதுவே அபராதம். இன்றைய எஃகு அச்சு அவ்வளவு எளிதில் முறிவதில்லை. போதாததற்கு ஸ்பிரிங்கில் இரண்டு பட்டையைச் சேர்த்துப் போட்டு இன்னும் நாலு டன் ஏற்றலாம். அச்சு பிழைத்துக்கொள்கிறது, அதற்குப் பதிலாகச் சாலை முறிகிறது. முறிகிற பொருள் வண்டிக்காரருடையதாக இருந்தவரை கட்டுப்பாடு தானாக நடந்தது. முறிவது ஊர்ச் சொத்தாகிவிட்ட பிறகு அதற்கு ஓர் அரசாணை தேவைப்படுகிறது.

மலைச் சாலை எப்படிக் கட்டப்படுகிறது என்று தெரிந்தால் இந்தப் பாரத்தின் பொருள் இன்னும் விளங்கும். சமவெளியில் சாலைக்கு இரு பக்கமும் பூமி இருக்கிறது. மலையில் ஒரு பக்கத்தைப் பாறையில் வெட்டி, வெட்டிய மண்ணையும் கல்லையும் மறுபக்கச் சரிவில் கொட்டி நிரவி, அதற்குக் கல் சுவர் எழுப்பித்தான் பாதைக்கு அகலம் சேர்க்கிறார்கள். ஆக, உட்பாதி மலையின் மேல் நிற்கிறது. வெளிப்பாதி நிரப்பிய மண்ணின் மேல், ஒரு சுவரை நம்பி நிற்கிறது. கொண்டை ஊசி வளைவில் லாரி திரும்பும்போது பாரம் ஒரு பக்கமாகச் சாய்கிறது, பின் சக்கரங்கள் தாரைத் தேய்த்து இழுக்கின்றன. ஏற்றத்தில் பாரம் பின் அச்சின் மேல் மேலும் குவிகிறது. எதிரே பேருந்து வந்தால் பள்ளத்துப் பக்கம் போகிற வண்டி ஓரத்துக்குத்தான் ஒதுங்கும், அதாவது சாலையின் மிக நொய்ந்த இடத்துக்கு. எல்லாவற்றுக்கும் மேல் தண்ணீர். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் நனைக்கிற மலை இது. தாரில் விழுந்த சிறு வெடிப்பு வழியே நீர் இறங்கி அடிமண்ணைக் குழைத்துவிட்டால், கோடையில் தாங்கிய அதே பாரத்தை ஐப்பசியில் சாலை தாங்காது. 2018 நவம்பரில் கஜா புயல் இந்த மலையைக் கடந்தபோது சாலைகளில் மரமும் மண்ணும் விழுந்து ஊர்கள் துண்டிக்கப்பட்டன. அதைப் புயல் செய்தது. ஆனால் சுவரின் முட்டுக்கல்லை ஆண்டு முழுக்க அசைத்துத் தளர்த்தி வைப்பது எது என்று கேட்டால், பதில் வேறு.

இறக்கத்தின் கணக்கு தனி. கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டுப் பக்கம் இறங்கும் சாலை, 1870களில் மேஜர் லா என்பவர் அளந்து குறித்த தடம். பழைய ஆட்கள் இன்றும் லாஸ் காட் ரோடு என்பார்கள். மோட்டார் லாரி என்ற ஒன்று உருவாவதற்கு முன்பே வகுத்த பாதை அது. மேலிருந்து கீழே சுமார் 1,800 மீட்டர் உயரம் இறங்க வேண்டும். 18.5 டன் லாரி ஒன்று அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளியேற வேண்டிய ஆற்றல் ஏறக்குறைய 90 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். தமிழ்நாட்டில் ஒரு வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைப்பது 100 யூனிட். அந்த 90 யூனிட்டும் ஒரே பயணத்தில் எஞ்சின் பிடிப்பிலும் பிரேக் டிரம்மிலும் வெப்பமாகப் போய்த் தொலைய வேண்டும். அனுபவமுள்ள ஓட்டுநர் இரண்டாவது கியரில் எஞ்சினைப் பிடித்துக்கொண்டு, பிரேக்கை அளவாக மிதித்து இறக்குவார். மரத் துண்டுகளை ஐந்து டன் கூடுதலாக அடுக்கியிருந்தால் 90 யூனிட் 115 ஆகிவிடும். லைனிங் காய்ந்து கருகும் வாடை வந்த பிறகு மிதித்தால் பிரேக் பிடிக்காது. ஓட்டுநரின் திறமை வண்டிக்கு ஏற்றாற்போல் கூடலாம், டிரம்மின் அளவு கூடாது.

அப்படியானால் பாரத்தைக் குறைத்தால் முதலில் அடி விழுவது விவசாயிக்குத்தானே என்று கேட்பார்கள். இந்தக் கேள்வியை லேசாகத் தள்ளிவிட முடியாது. வாடகை ஏறினால் மண்டியில் அது விவசாயி கையிலிருந்துதான் கழியும். ஆனால் சரக்கின் கனத்தைக் கொஞ்சம் கவனித்துப் பார்க்க வேண்டும். ஒரு கன மீட்டர் பூண்டு சுமார் அரை டன் இருக்கும். கேரட்டும் உருளையும் அதைவிடக் கொஞ்சம் கூடுதல். ஒரு கன மீட்டர் ஜல்லியோ ஒன்றரை டன். எம்-சாண்ட் அதற்கும் மேலே, நனைந்துவிட்டால் இன்னும் மேலே. பூண்டு மூட்டையைப் பெட்டி நிறைய அடுக்கினாலும் லாரி தன் எடை வரம்புக்குள் இருக்கவே வாய்ப்பு அதிகம். இடம்தான் முதலில் தீரும். ஜல்லியில் பெட்டி பாதி நிறையும்போதே வரம்பு தீர்ந்துவிடும். ஆகவே எடை வரம்பு என்ற வலையில் பூண்டு அதிகம் சிக்காது, கல்தான் சிக்கும்.

கல் வியாபாரத்தின் கணக்கே இதற்கு எதிராக அமைந்திருக்கிறது. ஜல்லியையும் மணலையும் நாம் டன்னில் வாங்குவதில்லை, யூனிட்டில் வாங்குகிறோம். ஒரு யூனிட் என்றால் 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். ஜல்லியாக இருந்தால் சுமார் 4.2 டன். ‘நாலு யூனிட் லோடு’ என்று போனில் சொல்லும்போது ஏறத்தாழ 17 டன் கேட்கிறோம் என்று யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. ஆறு சக்கர டிப்பர் ஒன்று வெறும் வண்டியாகவே 7 டன் வரை நிற்கும். ஆக மொத்தம் 24 டன். சட்டம் சொன்னது 18.5. முன் அச்சு 7 டன்னை வாங்கிக்கொண்டால் மிச்சம் 17 டன் ஒற்றைப் பின் அச்சின் மேல் உட்காருகிறது. 11.5 டன்னில் நிற்க வேண்டிய அச்சு அது. நான்காம் அடுக்குக் கணக்கில் அந்த ஒரு நடை, சட்டப்படி பாரம் ஏற்றிய வண்டி ஐந்து நடை போனதற்குக் கிட்டத்தட்டச் சமம். உண்மையில் மூன்று யூனிட் ஏற்றினாலே வரம்பு தாண்டிவிடுகிறது. வாங்குகிறவர் ஏமாற்ற நினைக்கவில்லை, விற்கிறவர் வழக்கப்படி கொடுக்கிறார். அளவையே தவறாக எடுத்துக்கொண்டதால் தவறு யார் கண்ணிலும் படாமல் நடக்கிறது. கொடைக்கானலிலும் மேல்மலையிலும் எழும் விடுதிகளுக்கும் காட்டேஜ்களுக்கும் வேண்டிய கட்டுமானப் பொருள் பெரும்பாலும் சமவெளியிலிருந்துதான் ஏறி வர வேண்டும் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சரி, இரண்டு யூனிட்டாகப் பிரித்து இரண்டு நடை அடித்தால் லாரி எண்ணிக்கை கூடுமே, நெரிசலும் புகையும் கூடுமே என்பது அடுத்த ஆட்சேபம். எண்ணிக்கை கூடும், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் சேதத்தை எண்ணிப் பாருங்கள். இரண்டு யூனிட் ஏற்றிய அதே டிப்பரின் மொத்த எடை 15.5 டன் அளவில் நிற்கும், பின் அச்சின் மேல் 10.5 டன் போல. அப்படி இரண்டு நடை போனாலும் ஆகிற சேதம், 17 டன் அச்சு ஒரே நடையில் செய்கிற சேதத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. வெறும் வண்டியாகத் திரும்பி இறங்குவதன் சேதம் கணக்கில் சேர்க்கிற அளவுக்கே வராது. நெரிசலைப் பொறுத்தவரை, நேரம் வகுத்துக் கொடுத்துச் சமாளிக்கலாம். புகை கொஞ்சம் கூடும் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். உடைந்த சாலையில் முதல் கியரில் முக்கி முனகி ஏறுகிற வண்டிகளின் புகையையும் அதற்கு எதிர்த்தட்டில் வைத்தால் நிகரக் கணக்கு என்னவாகும் என்பது வேறு விஷயம்.

வலுவான சாலை போட்டுவிட்டால் போயிற்று என்கிறவர்களும் உண்டு. பாதி உண்மை. தாரின் தடிமனைக் கூட்டலாம், அடியில் ஜல்லிப் படுகையை இன்னும் கெட்டிப்படுத்தலாம். ஆனால் வெளிப்பாதியைத் தாங்கும் சுவரையும் அதன் பின்னே நிரப்பிய மண்ணையும் தாரின் தடிமன் காப்பாற்றாது. அகலப்படுத்த வேண்டுமென்றால் மலையை இன்னும் வெட்ட வேண்டும். வெட்டிய முகம் அடுத்த மழையில் என்ன செய்யும் என்பதற்கு இந்த மலைகளில் உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. சாலைக்கு ஏற்ற பாரம், பாரத்துக்கு ஏற்ற சாலை என்ற இரண்டில் சமவெளியில் இரண்டாவதைத் தேர்ந்தெடுக்கலாம். மலையில் அந்தத் தேர்வு நம் கையில் முழுதாக இல்லை.

அரசு சும்மா இருந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வருகிற சுற்றுலா வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரலிலிருந்து கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று எண்ணிக்கை வரம்பும் வந்தது. இடையில் 2024 நவம்பர் 18 முதல் 12 மீட்டருக்கு மேல் நீளமான பேருந்துகளும் சரக்கு வண்டிகளும் கொடைக்கானல் மலைச் சாலையில் ஏறக் கூடாது என்று திண்டுக்கல் மாவட்ட நிர்வாகம் தடை விதித்தது. எல்லாம் வரவேற்க வேண்டியவைதான். நீள வண்டி வளைவில் ஒரே மூச்சில் திரும்ப முடியாமல் முன்னும் பின்னும் எடுத்து மணிக்கணக்கில் வழியை அடைத்துவிடும். ஆனால் இரண்டு விதிகளும் எதை அளக்கின்றன என்று பாருங்கள். ஒன்று வண்டிகளை எண்ணுகிறது, மற்றொன்று நீளத்தை அளக்கிறது. சாலையை உடைக்கிற அச்சு எடையை இரண்டுமே தொடவில்லை. நாம் பார்த்த 24 டன் டிப்பரின் நீளம் 12 மீட்டருக்கு வெகுவாகக் குறைவு. நாலாயிரம் காருக்கு வரிசை எண் கொடுத்துக்கொண்டிருக்கும்போது அது பக்கத்தில் ஏறிப் போய்விடும்.

எடையை வைத்தே மலைப்பாதையைக் கட்டுப்படுத்த முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே முன்னுதாரணம் இருக்கிறது. சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துக்குள் போகும் திம்பம் மலைப்பாதை, 27 கொண்டை ஊசி வளைவு கொண்டது, கர்நாடகத்துக்குப் போகும் தேசிய நெடுஞ்சாலை வேறு. வனவிலங்குகள் வண்டியில் அடிபட்டுச் சாவது தொடர்பான வழக்கில் 2022 பிப்ரவரியில் அங்கே இரவுப் போக்குவரத்துத் தடை அமலுக்கு வந்தது. அதன் தொடர்ச்சியாக 16.2 டன்னுக்கு மேல் எடையுள்ள சரக்கு வண்டிகளுக்கும் கட்டுப்பாடு வந்தது. அந்த 16.2 என்ற எண் எங்கோ கேட்ட மாதிரி இருக்கிறதா? 2018க்கு முன் ஆறு சக்கர லாரிக்கு இருந்த பழைய வரம்பேதான். நாடு முழுக்க 18.5 ஆன பிறகும் ஒரு மலைப்பாதைக்கு மட்டும் 16.2 என்று வைக்க முடிந்திருக்கிறது. தேசிய நெடுஞ்சாலையிலேயே இது சாத்தியம் என்றால், நூலிழை போன்ற பூம்பாறைச் சாலையில் ஏன் முடியாது? ஆனால் திம்பம் விதியிலும் ஒரு குறை இருக்கிறது. அதுவும் மொத்த எடையைத்தான் பார்க்கிறது. ஒரே 16 டன்னை இரண்டு அச்சு சுமப்பதும் மூன்று அச்சு சுமப்பதும் சாலைக்கு ஒன்றல்ல. கொடைக்கானலுக்கு விதி எழுதுகிறவர்கள், மொத்த எடையோடு ‘பின் அச்சு ஒன்றுக்கு இத்தனை டன்’ என்ற ஒரு வரியையும் சேர்த்துக்கொண்டால் வேலை சுத்தமாக முடியும். 2018க்கு முந்தைய 10.2 டன்னுக்குத் திரும்பினாலே பெரிய ஆதாயம். மழை மாதங்களில் அதற்கும் கொஞ்சம் கீழே வைக்கலாம். இது புதுமை இல்லை. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் பனி உருகி மண் குழைகிற வசந்த காலத்தில், அதற்கென்று குறித்த சாலைகளில் அச்சுக்கு 5 டன் என்று வரம்பைக் குறைத்துவிடுகிறார்கள். சுவிட்சர்லாந்து, அண்டை நாடுகள் 40 டன் லாரியை அனுமதித்த காலத்திலும் 2001 வரை தன் சாலைகளுக்கு 28 டன்தான் என்று பிடிவாதமாக நின்றது. பிறகு படிப்படியாக விட்டுக்கொடுத்தபோதும், எடைக்கும் தூரத்துக்கும் ஏற்ப ஒரு கட்டணத்தை வைத்துவிட்டுத்தான் விட்டுக்கொடுத்தது.

பேருந்தும் கனமானதுதானே, அதை ஏன் விட்டுவிடுகிறீர்கள் என்றால், விடவில்லை. நிறைய ஆள் ஏற்றிய பேருந்தும் சாலையைத் தேய்க்கத்தான் செய்கிறது. ஆனால் அதன் எடைக்கு இயல்பாகவே ஓர் உச்சம் உண்டு. ஆட்கள் ஜல்லி மாதிரி குவிய மாட்டார்கள்.

கடைசி ஆட்சேபம்தான் எல்லோருக்கும் உள்ளூரத் தெரிந்தது: விதி போட்டால் போடலாம், சோதனைச்சாவடியில் ஐந்நூறு ரூபாய் மாமூல் கூடும், அவ்வளவுதான். இதில் நியாயமில்லை என்று சொல்ல முடியாது. ஒருவர் கண்ணால் பார்த்து ‘லோடு அதிகம்’ என்று முடிவு செய்கிற ஏற்பாடு இருக்கிறவரை பேரமும் இருக்கும். எடையை மட்டும் எந்திரம் சொல்ல முடியும், சீட்டாக அச்சடித்துக் கொடுக்கவும் முடியும். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே அச்சு அச்சாக எடை பார்க்கிற கருவிகள் சுங்கச்சாவடிகளில் வந்துவிட்டன. தரையில் விரித்துவைக்கிற எடைப் பலகைகளும் உண்டு. முக்கியம், அவற்றை எங்கே வைப்பது என்பது. கொடைக்கானல் நகருக்குச் சற்று முன்பு வெள்ளி நீர்வீழ்ச்சி அருகே இருக்கும் சுங்கச்சாவடியில் எடை பார்த்துப் பயனில்லை. அதற்குள் வண்டி மலைப்பாதையை ஏறக்குறைய ஏறி முடித்து, செய்ய வேண்டிய சேதத்தைச் செய்து முடித்திருக்கும். பாரத்தை இறக்கிவைக்கவும் அங்கே இடமில்லை. வத்தலக்குண்டுப் பக்கமும் பழனிப் பக்கமும் மலை ஏறத் தொடங்கும் இடத்திலேயே எடை மேடை வேண்டும், பக்கத்தில் கூடுதல் சரக்கை இறக்கிவைக்க ஒரு திடல் வேண்டும். மேலிருந்து இறங்குகிற மர லோடுக்கு மேலேயும் ஒன்று வேண்டும். இதற்குச் சட்டரீதியான காரணமும் உண்டு. 114ஆம் பிரிவின்படி, ஓர் அதிகாரி வண்டியை எடை போடச் சொல்ல வேண்டுமானால் அது போகிற வழியில் 10 கிலோமீட்டருக்குள், அல்லது போய்ச்சேரும் இடத்திலிருந்து 20 கிலோமீட்டருக்குள் எடை மேடை இருக்க வேண்டும். எடை மேடை இல்லாத மலையில் நேர்மையான அதிகாரிக்கும் கை கட்டிப்போட்ட நிலைதான்.

அதற்கும் முன்னால், குவாரியிலேயே பிடிக்கிற வழி ஒன்றிருக்கிறது. 2025இல் தமிழ்நாடு அரசு குவாரிக் கற்களுக்கான சீனியரேஜ் கட்டணத்தைக் கன மீட்டர் கணக்கிலிருந்து மெட்ரிக் டன் கணக்குக்கு மாற்றியது. வருவாய்க்காகச் செய்த மாற்றம்தான். ஆனால் அரசு கல்லை டன்னில் எடை போட்டுக் காசு வாங்கத் தொடங்கிவிட்டால், அந்த எடை எந்த வண்டியில் ஏறியது என்று தெரியாது என அதே அரசின் இன்னொரு துறை சொல்ல முடியாது. கனிம வளத் துறையின் சீட்டில் இருக்கிற எண்ணும் போக்குவரத்துத் துறையின் ஆர்.சி.யில் இருக்கிற எண்ணும் ஒரே திரையில் சந்தித்தால், பாதி ஓவர்லோடு குவாரி வாசலைத் தாண்டாது. செலவும் அதிகம் ஆகாது.

மேல்மலையில் வீடோ விடுதியோ கட்டிக்கொண்டிருப்பவர்கள் இதற்காக அரசாணை வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. 194ஆம் பிரிவு ஓட்டுகிறவரை மட்டும் குறிக்கவில்லை. ஓட்டச் செய்தவரையும் ஓட்ட அனுமதித்தவரையும் சேர்த்தே குறிக்கிறது. அடுத்த முறை ஜல்லி சொல்லும்போது எத்தனை யூனிட் என்று கேட்டுவிட்டு, எடைச்சீட்டையும் கேளுங்கள். ஆறு சக்கர டிப்பரின் சீட்டில் வண்டியும் சரக்குமாகச் சேர்த்து 18,500 கிலோவுக்கு மேல் இருந்தால், அந்த லோடைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.